டிஸ்மிஸ் ஆனவர் திரும்பச் சேரும் கணக்கு

பல்கலைக்கழகத்திலிருந்து வரும் அந்தக் கடிதம் பெரும்பாலும் நீளமாக இருக்காது. மேலே மாணவரின் ஜிபிஏ (எல்லாப் பாடங்களின் கிரேடுகளுக்கும் சராசரி), எந்த விதிப்படி என்ற விவரம், நீக்கப்பட்டுவிட்டார் என்ற செய்தி. கீழே, மேல்முறையீடு செய்ய விரும்பினால் எந்தத் தேதிக்குள் யாருக்கு எழுத வேண்டும் என்று இரண்டு வரி. கடிதம் கிடைத்தவர் மேல்பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார். அவசரம் இருப்பதோ கீழே உள்ள இரண்டு வரியில். அந்தக் கெடு பல இடங்களில் ஓரிரு வாரம்தான். வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் அது போய்விடும்.

போனாலும் கதை முடிந்துவிடாது. மேல்முறையீடு வேறு, மறுசேர்க்கை வேறு. நீக்கியது சரியில்லை, அல்லது இந்த முறை விட்டுவிடுங்கள் என்று உடனே கேட்பது மேல்முறையீடு. நீக்கத்தை ஏற்றுக்கொண்டு, சில மாதமோ சில வருடமோ வெளியே இருந்துவிட்டு, இப்போது வரலாமா என்று கேட்பது மறுசேர்க்கை. விண்ணப்பம் வேறு, பல இடங்களில் அதைப் பார்ப்பவர்களும் வேறு. முதலாவதில் தோற்ற அதே மாணவருக்கு இரண்டாவதில் இடம் கிடைப்பது அதிசயமான விஷயம் இல்லை.

கிரேடு குறைந்தவரை நீக்குவதும், நீக்கியவரைத் திரும்ப எடுப்பதும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விதிப்புத்தகத்தில் எழுதி வைத்த நடைமுறை. அதனால் அவற்றை வைத்தே பார்க்கலாம். 4.0 அளவுகோலில் 2.0 தான் பெரும்பாலான இளநிலைப் படிப்புகளில் கோடு. சராசரியாக ‘சி’ கிரேடு. அதற்குக் கீழே இறங்கினால் முதலில் ப்ரொபேஷன் என்ற எச்சரிக்கை நிலை. அதிலும் தேறவில்லை என்றால் ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ சஸ்பென்ஷன். அதற்கும் மேலே டிஸ்மிசல். இந்தப் பெயர்களை அப்படியே நம்ப வேண்டாம். ஓர் இடத்தில் சஸ்பென்ஷன் என்று சொல்வதை இன்னோர் இடத்தில் டிஸ்மிசல் என்பார்கள். எத்தனை காலம் வெளியே இருக்க வேண்டும், திரும்ப விண்ணப்பிக்க முடியுமா, இரண்டாவது முறை நீக்கினால் நிரந்தரமா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் போதும். பெயர் எதுவாக இருந்தால் என்ன?

சரி, கணக்குக்கு வருவோம். திரும்பச் சேர நினைப்பவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போடாமலேயே விண்ணப்பம் எழுத உட்காருகிறார்கள். மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் கமிட்டி முதலில் போடுவதே இதைத்தான்.

ஒரு மாணவர் 60 கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) எடுத்திருக்கிறார், ஜிபிஏ 1.6 என்று வைத்துக்கொள்வோம். அவர் சேர்த்திருக்கும் புள்ளிகள் 60 × 1.6 = 96. 2.0 இருக்க வேண்டுமானால் 120 புள்ளி வேண்டும். ஆக 24 புள்ளி பள்ளம். இனி எடுக்கும் ஒவ்வொரு கிரெடிட்டிலும் 2.0-க்கு மேல் எவ்வளவு வருகிறதோ அதுதான் பள்ளத்தில் விழும் மண். செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ‘பி’ வாங்கினால் (3.0), ஒரு செமஸ்டரில் 12 புள்ளி நிரம்பும், இரண்டு செமஸ்டரில் கோட்டைத் தொடலாம். எல்லாவற்றிலும் ‘சி பிளஸ்’ என்றால் (2.3) ஒரு செமஸ்டருக்கு 3.6 புள்ளிதான். ஏழு செமஸ்டர் ஆகும். ‘இனிமேல் ஃபெயில் ஆக மாட்டேன்’ என்று ஒருவர் உண்மையாகவே உறுதி எடுத்து, அதை நிறைவேற்றியும் காட்டி, அப்போதும் இரண்டாவது முறை நீக்கப்படுவது இப்படித்தான்.

இந்தக் கணக்கில் ஒரு குறுக்கு வழி உண்டு, முறையானதுதான். அந்த 60 கிரெடிட்டில் மூன்று பாடங்கள், தலா 3 கிரெடிட், ‘எஃப்’ (ஃபெயில், புள்ளி பூஜ்யம்) என்று வைப்போம். பழைய கிரேடை எடுத்துவிட்டுப் புதிய கிரேடை மட்டும் கணக்கில் வைக்கும் பல்கலைக்கழகமாக இருந்தால், அந்த மூன்றையும் திரும்ப எழுதி ‘பி’ வாங்கினால் 27 புள்ளி ஏறும், கிரெடிட் எண்ணிக்கை ஏறாது. 123-ஐ 60-ஆல் வகுத்தால் 2.05. ஒரே செமஸ்டரில் கோட்டைத் தாண்டியாயிற்று. அதே 9 கிரெடிட்டைப் புதிய பாடங்களில் எடுத்து அதே ‘பி’ வாங்கினால் 123-ஐ 69-ஆல் வகுக்க வேண்டும்: 1.78. உழைப்பும் ஒன்று, கிரேடும் ஒன்று. ஒருவர் உள்ளே, ஒருவர் இன்னும் ப்ரொபேஷனில். பழையதையும் புதியதையும் சேர்த்துச் சராசரி எடுக்கும் பல்கலைக்கழகத்தில் இந்த வசதி கிடையாது. எத்தனை பாடத்துக்கு இப்படி மாற்றலாம் என்பதற்கும் பல இடங்களில் உச்சவரம்பு இருக்கிறது. ஆகவே விண்ணப்பத்துக்கு முன்னால் படிக்க வேண்டிய பக்கம், பாடத்தைத் திரும்ப எடுப்பதற்கான விதி.

கோர்ட்டுக்குப் போனால் என்ன என்ற கேள்வி கோபத்தில் வரும். பதிலை அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் சொல்லிவிட்டது, இரண்டுமே மருத்துவ மாணவர்கள் தொடுத்தவை. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேன்சஸ் சிட்டி மருத்துவக் கல்லூரியில் சார்லட் ஹோரோவிட்ஸ் என்ற மாணவி 1973-இல், பட்டம் வாங்கும் தறுவாயில் நீக்கப்பட்டார். அதற்கு முன் ஏழு மருத்துவர்கள் அவருடைய திறமையைச் சோதித்துப் பார்த்தார்கள். இருவர் பட்டம் கொடுக்கலாம் என்றார்கள், இருவர் உடனே நீக்கலாம் என்றார்கள், மற்ற மூவர் இப்போது பட்டம் வேண்டாம், ப்ரொபேஷனில் தொடரட்டும் என்றார்கள். இப்படி ஏழு பேர் மூன்று பக்கம் இழுத்த விவகாரத்திலும், 1978-இல் உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம்தான் நின்றது. ஒழுங்கு நடவடிக்கைக்குக் குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்க வேண்டும். படிப்பில் தேறவில்லை என்று நீக்குவதற்கு முறையான விசாரணை தேவையில்லை என்பது தீர்ப்பு.

இரண்டாவது 1985-இல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆறு ஆண்டு மருத்துவப் படிப்பில் இருந்த ஸ்காட் யூயிங், தேசிய அளவிலான தேர்வின் முதல் பாகத்தில் 345 எடுக்க வேண்டிய இடத்தில் 235 எடுத்தார். அங்கே அந்தத் தேர்வில் தவறிய மற்ற மாணவர்களுக்கெல்லாம் மறுவாய்ப்பு கொடுத்திருந்தார்கள். இவருக்கு மட்டும் இல்லை. கேட்கவே அநியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீதிபதிகள் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அவருடைய முழுப் படிப்பு வரலாற்றையும் பார்த்து ஆசிரியர்கள் எடுத்த முடிவில் நாங்கள் தலையிட மாட்டோம் என்பதுதான் சாரம். இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர்களின் புகார்களை விசாரிக்கும் சுதந்திர அமைப்பும் கல்விசார் தீர்ப்பில் கை வைக்க முடியாது. நடைமுறை மீறப்பட்டதா, முடிவு நியாயமான முறையில் எடுக்கப்பட்டதா என்றுதான் பார்க்கும்.

ஆக, ‘எனக்குத் தகுதி இருக்கிறது’ என்று வாதாடி ஜெயிக்க வெளியே பெரிதாக இடமில்லை. முடிவு அந்தக் கமிட்டி அறையில்தான். டீன் அலுவலகத்து ஆள் ஒருவர், சில பேராசிரியர்கள், ஓர் அட்வைசர் என்று இருப்பார்கள். ஒரு மதியத்தில் ஒரு கட்டு விண்ணப்பங்களைப் பார்த்து முடிப்பார்கள். என் கருத்தில், மாணவர்கள் இவர்களைப் பற்றி வைத்திருக்கும் கற்பனைதான் பெரிய தடை. பாவமன்னிப்புக் கேட்டுப் போவது போல எழுதுகிறார்கள். கமிட்டியோ பந்தயம் கட்டுவதற்கு முன் குதிரையைப் பார்ப்பவர் போலப் பார்க்கிறது: இவரைச் சேர்த்தால் அடுத்த செமஸ்டரில் தேறுவாரா, இல்லை இன்னொரு கட்டணத்தையும் கட்டிவிட்டு இதே இடத்துக்கு வருவாரா?

அமெரிக்க மத்திய அரசின் நிதியுதவி விதிகளில் இதற்கு ஒரு நேரடியான வாசகமே இருக்கிறது. உதவியை இழந்த மாணவர் முறையிடும்போது இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: ஏன் தேறவில்லை, அடுத்த மதிப்பீட்டில் தேறும்படி அவருடைய நிலைமையில் என்ன மாறியிருக்கிறது. அது நிதியுதவிக்கான விதிதான். ஆனால் மறுசேர்க்கைக் கமிட்டிகள் தேடுவதும் அந்த இரண்டாவது பாதியைத்தான்.

ஒரு விண்ணப்பம் இப்படி இருக்கும்: “கடந்த ஆண்டு என் வாழ்க்கையின் மிகக் கடினமான காலம். என் தவறுகளை முழுமையாக உணர்ந்துவிட்டேன். இன்னொரு வாய்ப்பு கொடுத்தால் கடுமையாக உழைப்பேன்.” இதில் பொய் ஒன்றும் இல்லை. கட்டில் இருக்கும் மற்ற விண்ணப்பங்களிலும் இதே மூன்று வரி இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று இப்படி: “மூன்றாவது செமஸ்டரில் 16 கிரெடிட் எடுத்துக்கொண்டு வாரத்துக்கு 30 மணி நேரம் வேலையும் பார்த்தேன். வேதியியல் லேப் அறிக்கைகளில் ஐந்தை நான் கொடுக்கவே இல்லை. இரண்டாவது அறிக்கை தவறியபோதே பேராசிரியரைப் பார்த்திருக்க வேண்டும், வெட்கத்தில் பார்க்கவில்லை. வேலையை இப்போது 12 மணி நேரமாகக் குறைத்துவிட்டேன். மேலாளரின் கடிதம் இணைப்பில். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு பாடம் எடுத்தேன், ஒரு ‘ஏ’, ஒரு ‘பி’. சேர்த்தால் முதல் செமஸ்டரில் 9 கிரெடிட்தான் எடுப்பேன், மூன்றும் நான் தவறிய பாடங்கள்.” இதில் ‘வெட்கத்தில் பார்க்கவில்லை’ என்ற இடத்தைக் கவனியுங்கள். இத்தனை பேர் கையில் போகும் காகிதத்தில் அப்படி எழுத மனம் கூசும். ஆனால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவது அந்த வரியில்தான், ஏனென்றால் தான் எங்கே கவிழ்ந்தோம் என்பது இந்த மாணவருக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற வரிகளில் ஒவ்வொன்றையும் கமிட்டி சரிபார்க்க முடியும். பேராசிரியர் சரியில்லை, தேர்வு கடினம் என்ற வாதம் எங்குமே இல்லை. உண்மையாகவே அவர் சரியில்லாதவராக இருந்தாலும் அந்த அறையில் அது எடுபடாது.

உடல்நலமோ மனநலமோ காரணமாக இருந்தால் மருத்துவர் கடிதம் வேண்டும். தடிமனான ஃபைல் தேவையில்லை. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பாதிப்பு, இப்போது படிக்கும் நிலையில் இருக்கிறாரா என்ற இரண்டும் இருந்தால் போதும். இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் கொடுப்பவர்கள்தான் அதிகம். அப்புறம், பலருக்குத் தெரியாத ஒரு கதவும் உண்டு. நோய்வாய்ப்பட்டிருந்த செமஸ்டரையே, அது முடிந்த பிறகும், மருத்துவ விலகலாக மாற்றக் கேட்கலாம். ஒப்புக்கொண்டால் அந்த ‘எஃப்’கள் ‘டபிள்யூ’வாக (பாடத்திலிருந்து விலகியதற்கான குறி) மாறி ஜிபிஏ-வை விட்டே வெளியே போய்விடும், சில நேரம் நீக்கத்துக்கான காரணமே இல்லாமல் போகும். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது, இருக்கும் இடத்திலும் கால வரம்பு உண்டு. இருந்தாலும் மறுசேர்க்கைக்கு எழுதுவதற்கு முன்னால் கேட்டுப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வெளியே இருக்கும் காலத்தில் வேறு கல்லூரியில் படிப்பது நல்ல சான்று. ஆனால் அதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வெளியிலிருந்து வரும் கிரெடிட் ஏறும், கிரேடு ஏறாது. கம்யூனிட்டி காலேஜில் நான்கு ‘ஏ’ வாங்கினாலும் பழைய 1.6 அப்படியே 1.6 தான். முன்பு ‘எஃப்’ வாங்கிய பாடத்தையே வெளியே எடுத்தால், கிரேடை மாற்றும் வாய்ப்பையும் சேர்த்து இழக்கலாம். அதனால், வெளியே எடுப்பதற்குச் சரியானவை படிக்கத் தெரியும் என்று காட்டும் வேறு பாடங்கள். தவறிய பாடங்களைத் திரும்பி வந்தபின் சொந்த இடத்தில் எடுப்பதே லாபம். இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே கேட்காமல் ஒரு வருட உழைப்பையும் பணத்தையும் தவறான இடத்தில் போடுகிறவர்கள் உண்டு.

பழைய இடத்தை மறைத்து வேறு பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்துவிடலாமே என்ற யோசனையும் வரும். முன்பு படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டையும் (பாடங்களும் கிரேடுகளும் உள்ள பட்டியல்) விண்ணப்பம் கேட்கும். அமெரிக்கக் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவை தங்கள் மாணவர் பதிவு விவரங்களை நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற அமைப்புக்கு அனுப்புகின்றன. தேடினால் கிடைத்துவிடும். குறைந்த கிரேடோடு வந்தவரைச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. மறைத்ததைக் கண்டுபிடித்த பிறகு வைத்துக்கொள்ளும் இடங்கள் அநேகமாக இல்லை.

பணம். சேர்க்கைக் கமிட்டி ‘வா’ என்று சொல்வதும் நிதியுதவி அலுவலகம் ‘இந்தா’ என்று கொடுப்பதும் இரு வேறு முடிவுகள். மறுசேர்க்கைக் கடிதத்தோடு உற்சாகமாக வந்து, கட்டணம் கட்டும் வாரத்தில் உதவி வராது என்று தெரிந்து திகைப்பது அடிக்கடி நடக்கிறது. அரசின் நிதியுதவிக்கு மாணவர் திருப்திகரமாக முன்னேறுகிறார் என்று காட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் ‘சி’க்கு இணையான நிலை வேண்டும், படிப்பின் மொத்த அளவில் 150 சதவீதத்துக்குள் பட்டத்தை முடிக்கும் வேகமும் வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால் 180 கிரெடிட் எடுத்து முடிப்பதற்குள் தேறியாக வேண்டும். அதாவது எடுப்பதில் மூன்றில் இரண்டு பங்கு பாஸ் ஆக வேண்டும். ஜிபிஏ-வைப் பாதிக்காத ‘டபிள்யூ’வும் இங்கே எடுத்த கிரெடிட்டாகவே எண்ணப்படும். ஆகையால் இதற்குத் தனி முறையீடு, தனிப் படிவம். அதே மருத்துவர் கடிதத்தின் இன்னொரு நகல் இதற்கும் வேண்டும்.

கல்விக் கடனுக்கும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அரசின் நேரடிக் கடனில், படிப்பு நின்றது முதல் 6 மாதம் தவணை கட்ட வேண்டியதில்லை. அந்த ஆறு மாதம் முழுவதும் ஓடிவிட்டால், அந்தக் கடனுக்கு அது இரண்டாவது முறை கிடைக்காது. திரும்பச் சேர்ந்து குறைந்தது பாதி நேரப் படிப்பில் இருக்கும்வரை தவணை நிற்கும், படிப்பு முடிந்த உடனே தொடங்கிவிடும்.

வெளிநாட்டு மாணவருக்கான எஃப்-1 விசாவில் இருப்பவருக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். படிப்பை முடித்தவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அனுமதி பெற்று முன்கூட்டியே விலகியவருக்கு 15 நாள். விசாவுக்கான மாணவர் நிலையைக் காப்பாற்றாததால் பதிவு ரத்து செய்யப்பட்டவருக்கு அவகாசமே இல்லை. வேறு எதையும் எழுதுவதற்கு முன்னால் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் கதவைத் தட்டுவதுதான் முதல் வேலை, முடிந்தால் கடிதம் வருவதற்கு முன்பே.

பல வருடம் கழித்துத் திரும்புகிறவருக்கு வேறு சலுகை இருக்கலாம். ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடமோ அதற்கு மேலோ விலகியிருந்து திரும்புபவர் ‘ஃபிரெஷ் ஸ்டார்ட்’ கேட்கலாம்: பழைய ஜிபிஏ கணக்கிலிருந்து போகும், ‘சி மைனஸ்’ அல்லது அதற்கு மேல் வாங்கிய பாடங்களின் கிரெடிட் தங்கும். டெக்சாஸ் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. பத்து ஆண்டு அல்லது அதற்கு முன் எடுத்த பாடங்களைச் சேர்க்கையில் பார்க்க வேண்டாம் என்று மாணவர் கேட்கலாம். ஆனால் அப்போது அந்தப் பாடங்களில் நல்ல கிரேடு வாங்கியவையும் சேர்ந்தே போகும். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள முடியாது. இரண்டு இடத்திலும் டிரான்ஸ்கிரிப்டில் பழைய வரிகள் அழிவதில்லை. சட்டக் கல்லூரிக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும்போது, அங்கே விண்ணப்பங்களைத் தொகுக்கும் மைய அமைப்புகள் பெரும்பாலும் பழைய ‘எஃப்’பையும் சேர்த்துத் தங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளும். அதைத் தெரிந்துகொண்டே கேட்பது நல்லது.

திரும்பி வந்தவரின் முதல் செமஸ்டர் பெரும்பாலும் ஒப்பந்தத்தோடு வரும்: இத்தனை கிரெடிட்டுக்கு மேல் வேண்டாம், இந்த செமஸ்டர் ஜிபிஏ இவ்வளவுக்குக் குறையக் கூடாது, மாதம் ஒருமுறை அட்வைசரைப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை நிலை மாணவரை என்ன செய்கிறது என்று லிண்டோ, சாண்டர்ஸ், ஓரியோபௌலோஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் கனடாவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பதிவுகளை வைத்துப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றவர்களையும் சற்று மேலே நின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். ப்ரொபேஷனில் போடப்பட்டவர்களில் சிலர் படிப்பையே விட்டுப் போனார்கள். ஆண்களிடம் அந்த வாய்ப்பு இரண்டு மடங்கானது. தங்கியவர்களுக்கு மதிப்பெண் ஏறியது. ஒரே கடிதம் ஒருவரை விரட்டுகிறது, ஒருவரை உட்கார வைக்கிறது. நீக்கத்துக்குப் பிறகு திரும்பி வருபவர் இரண்டாவது வகையாகத்தான் இருப்பார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் முதல் தேர்வில் 55 வந்த அன்று மாலை பழைய பயம் அப்படியே வந்து உட்காரும் என்பதையும் ஒப்பந்தம் எழுதுபவர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அட்வைசரைப் பார் என்ற நிபந்தனை கண்காணிப்புக்கு என்று தோன்றினாலும், அது பெரும்பாலும் அந்த மாலைக்காகத்தான்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் மேலே போட்ட கணக்கையே கவிழ்த்துவிடும். கமிட்டியின் முடிவு வருவதே செமஸ்டர் தொடங்குவதற்குச் சில வாரம் முன்னால்தான் என்றால், அதற்குள் மற்ற மாணவர்கள் பாடங்களைப் பதிவு செய்து முடித்திருப்பார்கள். திரும்ப எடுக்க வேண்டிய அந்த மூன்று பாடத்திலும் இடம் நிரம்பியிருக்கும். கிடைத்த ஏதோ மூன்று பாடத்தை எடுத்தால் 2.05 இல்லை, 1.78 தான். அதனால் விண்ணப்பத்தை முதல் கெடுவிலேயே போட்டுவிட வேண்டும். முடிவு வந்த அன்றே காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்து, நிலைமையை விளக்கித் துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். முதல் வாரத்தில் சிலர் பாடத்தை விட்டுப் போவார்கள். அந்த இடங்கள் காலியாகும்போது பட்டியலில் மேலே இருக்க வேண்டும்.